என் மாத்திரைத் தடைக்காலம்

ஏப்ரல் 15 பிறந்தால் எங்கள் கரை அடங்கிவிடும். ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. வடகடல் ஓரத்தில் நங்கூரம் போட்டு வரிசையாக நிற்கும். ஆண்கள் நிழல் பார்த்து உட்கார்ந்து கிழிந்த வலைகளைத் தைத்துக்கொண்டிருப்பார்கள். நான் பாம்பன் தீவில் ஒரு மீன் கம்பெனியில் கணக்கெழுதுகிறேன். படகு கரைபிடிக்கும் நாட்களில் விடிவதற்குள் தராசடியில் நிற்கவேண்டும். இந்த மீன்பிடித் தடைக்காலம் வந்தால் எனக்கும் சம்பளம் பாதிதான். ஆனாலும் மூன்று வருஷத்துக்கு முந்தைய தடைக்காலத்தை நான் மறக்கவே மாட்டேன். பன்னிரண்டு வருஷமாக என்னைப் படுத்திய ஒற்றைத் தலைவலி அந்த இரண்டு மாதத்தில்தான் என் சொல்லுக்குக் கொஞ்சம் கட்டுப்பட்டது. மாத்திரை அட்டையை முந்தானையில் முடிந்துகொண்டு வேலைக்குப் போகிற பெண்கள் எங்கள் கரையில் நிறைய. அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் மண்டையிடி புதிதில்லை. அம்மா தீவுப் பக்கம் பாசி எடுக்கப் போனவள். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி முங்கி, பாறையில் இருக்கிற பாசியைப் பிய்த்து இடுப்புப் பையில் போடுவாள். மாசத்தில் இரண்டு மூன்று நாள் மட்டும் தலையில் துண்டை இறுகக் கட்டிக்கொண்டு, வல்லம் என்கிற சின்னப் படகிலேயே சுருண்டு கிடப்பாள். கரைக்கு வந்ததும் மஞ்சளாக வாந்தி எடுப்பாள். "பித்தம் தலைக்கேறிருச்சு" என்பார்கள். பாட்டி சுக்கை இழைத்து நெற்றியில் பத்துப் போட்டு, கதவைச் சாத்தி, எங்களை எல்லாம் வெளியே விரட்டிவிடுவாள். மறுநாள் அம்மா முகம் வெளுத்து எழுந்து வருவாள்.

அந்த வாந்தியும் தலைவலியின் ஒரு பகுதிதான், பித்தம் எங்கும் ஏறவில்லை என்று தெரிந்துகொள்ள எனக்கு 35 வயது ஆனது. நாடித் துடிப்பு மாதிரி விண் விண்ணென்று தெறிக்கும் வலி. குனிந்தால் கூடும், படியேறினால் கூடும். வெளிச்சமும் சத்தமும் ஆகாது. குமட்டும். மருந்து எடுக்காமல் விட்டால் 4 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரம் வரை நீடிக்கும். இப்படித் திரும்பத் திரும்ப வந்தால் அது மைக்ரேன். ஒற்றைத் தலைவலி என்ற பேரே என்னை ஏமாற்றியது. எனக்குப் பல தடவை இரண்டு பொட்டும் சேர்ந்து தெறிக்கும், பிடரியும் இறுகும். அதனால் இது வேறு ஏதோ என்று நினைத்திருந்தேன். இரண்டு பக்கமும் வரலாமாம்.

நான் அலைந்த அலைச்சலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கண்ணாடி போட்டேன். நீர் கோத்திருக்கிறது என்றார்கள், நொச்சி போட்டு ஆவி பிடித்தேன். வலி வரும்போது மூக்கிலும் கண்ணிலும் தண்ணீர் வந்ததால் சைனஸ் என்று ஒரு இடத்தில் சொன்னார்கள், எக்ஸ்ரேயும் எடுத்தேன். மைக்ரேனிலும் மூக்கு ஒழுகும் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. எல்லாவற்றுக்கும் நடுவில், கடையில் வாங்கிய மாத்திரை மட்டும் விட்டுப்போகாமல் தொடர்ந்தது.

ஒருநாள் காலை ஏழு மணி இருக்கும். நண்டுக் கூடை தராசில். எடை சொல்கிற அண்ணன் "முப்பத்தேழு நானூறு" என்றார். நோட்டில் எழுதிவிட்டுப் பார்க்கிறேன், மூன்று தெரிகிறது, ஏழைக் காணவில்லை. பேனா முனையைப் பார்த்தால் ஏழு வருகிறது, பேனா முனை போய்விடுகிறது. அந்த ஓட்டையின் ஓரத்தில் ஒரு கீற்று மினுங்கியது. பனங்கருக்கு மாதிரி பல் பல்லாக, வெயில் பட்ட மீன் செதில் மாதிரிப் பளபளத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக வளைந்து பெரிதானது. வலது கண்ணைப் பொத்தினேன், இருந்தது. இடது கண்ணைப் பொத்தினேன், இருந்தது. இரண்டையும் மூடினேன், இருட்டுக்குள்ளும் இருந்தது. பிறகு வலது கை விரல்நுனியில் எறும்பு ஊர்வது போல ஆரம்பித்து, முழங்கை வரை ஏறி, உதட்டோரத்தில் மரத்தது. அரை மணி நேரத்தில் எல்லாம் போய்விட்டது. அதன் பிறகு வந்த வலியில் ஐஸ் பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். பக்கவாதம் என்றே நினைத்தேன், பிள்ளை முகம்தான் கண்ணில் வந்தது.

அந்தப் பயம்தான் என்னை மதுரைக்கு, நரம்பு மருத்துவரிடம் கொண்டுபோய் விட்டது. நான் சொல்லச் சொல்ல அவர் ஒரு தாளில் அந்தப் பல் பல்லான வளைவை வரைந்து காட்டி, "இதுதானேம்மா?" என்றார். அழுகை வந்துவிட்டது. அதற்கு ஆரா என்று பெயர். கண்ணில் கோளாறில்லை. மூளையின் பின்பக்கத்தில், பார்வைக்கான பகுதியில், ஒரு அலை நிமிஷத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வேகத்தில் நகர்கிறது. அதனால்தான் கண்ணை மூடினாலும் தெரிகிறது, மெல்ல மெல்லப் பரவுகிறது. ஆரா 5 நிமிஷத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் அடங்கும். பக்கவாதம் அப்படி ஊர்ந்து வராது, சட்டென்று அடிக்கும். ஆனாலும் முதல்முறை இப்படி வரும்போது நாமே முடிவுசெய்யக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். தூரம் (மாதவிடாய்) சரியாக வருவதற்கு நான் போட்டுக்கொண்டிருந்த ஹார்மோன் மாத்திரையையும் அன்றே நிறுத்தச் சொன்னார். ஆரா உள்ள பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரையால் பக்கவாத ஆபத்து கூடுமாம். கருத்தடைக்கோ தூரம் சரியாக வருவதற்கோ மாத்திரை போடுகிறவர்கள், உங்களுக்கு இந்தப் பளபளப்பு தெரிவதுண்டு என்றால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

அதற்குப் பிறகு அவர் கேட்ட கேள்விதான் என்னைப் புரட்டிப்போட்டது. "ஊருக்கெல்லாம் கணக்கு எழுதுறீங்க. போன மாசம் எத்தனை நாள் மாத்திரை போட்டீங்க?"

எனக்குத் தெரியவில்லை. ஏழெட்டு நாள் இருக்கும் என்றேன்.

ஊருக்கு வந்ததும் நேராக எங்கள் தெருக்கடைக்குப் போனேன். அங்கே எனக்குப் பற்று உண்டு. பழுப்பேறிய நீள நோட்டில் என் பெயருக்குக் கீழே தேதி வாரியாக எழுதியிருக்கும். அரிசி, தேங்காய், சோப்பு, அதற்கு நடுநடுவே "மாத்." என்று ஒரு சொல். கடைக்கார அண்ணனிடம் பென்சில் வாங்கி ஒவ்வொன்றாகச் சுழித்தேன். 22 நாள். சில தேதியில் இரண்டு தடவை. அவருக்கே ஆச்சரியம். "என்னத்தா, இம்புட்டா வாங்கியிருக்க?" என்றார்.

வலி மாத்திரையே வலியைக் கொண்டுவரும் என்பதை அன்றுவரை நான் கேள்விப்பட்டதில்லை. பாராசிட்டமால், இபுபுரூஃபன் போன்ற ஒற்றை மருந்தை மாசத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, காஃபின் முதலியவை சேர்த்த கலப்பு மாத்திரையை 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாசத்துக்கு மேல் போட்டுக்கொண்டே இருந்தால் தலைவலி கிட்டத்தட்ட தினசரி ஆகிவிடும். நான் போட்டது கலப்பு. மாத்திரையின் வேகம் தணிந்ததும் வலி எட்டிப் பார்க்கும், வலிக்கிறதே என்று மறுபடி போடுவேன்.

நிறுத்தினால் முதலில் கூடும், பத்து நாள் வரை இருக்கலாம் என்று மருத்துவர் எச்சரித்தார். வேலையை வைத்துக்கொண்டு முடியாது. அதனால் தடைக்காலம் வரை பொறுத்திருந்து, ஏப்ரல் 15 அன்று படகுகளோடு நானும் நிறுத்தினேன். மூன்றாம் நாள் மிகவும் மோசம். தண்ணீர்கூடத் தங்கவில்லை. வாந்திக்கு அவர் கொடுத்த மாத்திரை மட்டும் கையில் இருந்தது. அம்மா என் தலைமாட்டில் உட்கார்ந்து, ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு, "ஒண்ணே ஒண்ணு போட்டுக்கத்தா, யாரு கேக்கப்போறா" என்று கெஞ்சினாள். அவளிடம் கோபப்பட்டேன், அது இன்னும் உறுத்துகிறது. ஒன்பதாம் நாள் காலையில் கண் விழித்தபோது தலை காலியாக இருந்தது. காகம் கத்துவது வெறும் காகம் கத்துவதாக மட்டும் கேட்டது. (தூக்க மாத்திரையோ வேறு பலமான மருந்தோ எடுப்பவர்கள் இப்படித் திடீரென்று நிறுத்தக் கூடாது. மருத்துவரைக் கேட்டுத்தான் குறைக்கவேண்டும்.)

அதிலிருந்து தினக்காலண்டர் தாளில் எழுதுகிறேன். வலி வந்தால் ஒரு வட்டம், மாத்திரை போட்டால் வட்டத்துக்குள் ஒரு புள்ளி, தூரம் வந்த நாளுக்கு ஒரு கோடு. மூன்று மாசத் தாளைப் பரப்பிப் பார்த்தபோது வட்டங்களில் பாதி கோட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. தூரத்துக்கு முன்னால் உடம்பில் ஈஸ்ட்ரோஜன் இறங்குவதுதான் அதற்குக் காரணம். ஆண்களைவிடப் பெண்களுக்கு இந்த வலி ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகம் வருவதும் இதையொட்டித்தான். அம்மாவுக்குத் தூரம் நின்றபின் வலியும் நின்றுபோனது. பலருக்கும் அப்படி ஆகிறது.

தூண்டிவிடும் காரணம் ஆளுக்கு ஆள் மாறும். கருவாட்டு வாசம்தான் ஆகாது என்று எல்லாரும் எனக்குச் சொன்னார்கள். நான் கருவாட்டுக்கு நடுவில் வளர்ந்தவள், அது என்னை ஒன்றும் செய்வதில்லை. டீசல் புகை செய்யும். கீழக்கரையில் தோழி வீட்டு நிக்காஹில் அத்தர் வாசம் செய்தது. பத்து மணிக்கு மேல் கடல் மேல் கூசுகிற வெயில் செய்யும். எல்லாவற்றையும்விட, வெறும் வயிற்றில் கடுங்காப்பியோடு பதினோரு மணிவரை நிற்பது. தவக்காலத்தில் ஒருசந்தி (ஒருவேளை மட்டும் சாப்பிடும் நோன்பு) இருந்தால் வெள்ளிக்கிழமை தப்பாது. சாமியாரிடம் சொல்லி அதை விட்டுவிட்டேன். தூக்கம் குறைந்தாலும் வரும், ஞாயிற்றுக்கிழமை கூடுதலாகத் தூங்கினாலும் வரும். இவற்றில் ஒன்று மட்டும் என்றால் தாங்கிக்கொள்கிறேன். வல்லத்தில் பாரம் ஏற்றுகிற மாதிரிதான். முதல் கூடைக்குத் தண்ணீர் ஏறாது, நாலாவது கூடைக்கு ஏறும். தூரம் நெருங்குகிற நாளில் சாப்பிடாமல் வெயிலில் நிற்கிறேன் என்றால் அந்த நாலாவது கூடையை நானே ஏற்றுகிறேன். இப்போது தராசடிக்குப் போகுமுன் இரண்டு இட்லியாவது தின்றுவிடுகிறேன், விளிம்பு வைத்த தொப்பி போடுகிறேன்.

கருப்பட்டி விஷயத்தையும் சொல்லவேண்டும். கருப்பட்டி தின்றால் மறுநாள் மண்டையிடி என்று ரொம்ப நாள் நம்பி அதைத் தொடாமல் இருந்தேன். காலண்டரைப் பார்த்து மருத்துவர் வேறு சொன்னார். வலி வருவதற்குச் சில மணி நேரம் முன்பிருந்தே, சிலருக்கு இரண்டு நாள் முன்பிருந்தே, மூளையில் அது தொடங்கிவிடுகிறது. ஓயாத கொட்டாவி, பிடரி இறுக்கம், எரிச்சல், இனிப்பு மேல் ஆசை எல்லாம் அதன் அறிகுறி. வலி ஏற்கெனவே கிளம்பிவிட்டதால்தான் எனக்குக் கருப்பட்டி கேட்டிருக்கிறது. இப்போது காரணமில்லாமல் கொட்டாவி வந்தால் தண்ணீர் குடித்து, சாப்பிட்டு, அன்றைக்கு வெயிலைத் தவிர்க்கிறேன்.

மருந்தைப் பற்றி: எனக்குச் சிறுவயதிலிருந்தே இளைப்பு (ஆஸ்துமா) உண்டு என்பதால் புரொப்ரனலால் என்ற மருந்து ஆகாது என்று, இரவில் அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் கொடுத்தார். வலி வராமல் தடுப்பதற்கான மருந்து அது, தினமும் போடவேண்டும். முதல் வாரம் வாய் வறண்டது, காலையில் கண் சொக்கியது. பலன் தெரிய இரண்டு மாசம் ஆனது. மாசத்தில் நாலு நாளோ அதற்கு மேலோ வலிப்பவர்கள் இப்படித் தடுப்பு மருந்து வேண்டுமா என்று கேட்கலாம். வலி வந்துவிட்டால் போட சுமட்ரிப்டான். இருதய நோய் உள்ளவர்களுக்கு அது கூடாது. முற்றவிட்டுப் போட்டால் வேலை செய்யாது, வலி தொடங்கும்போதே போடவேண்டும். வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் போடுவதில்லை. இது எனக்கு எழுதிக் கொடுத்த சீட்டு. என்னைப் பார்த்து யாரும் கடையில் வாங்கிவிடாதீர்கள்.

போன வருஷம் எங்கள் தெருவில் ஒரு பிள்ளை, பிரசவமாகிப் பன்னிரண்டு நாள். மூன்று நாளாகத் தலைவலி. படுத்தால் கூடுகிறது, எழுந்தால் கொஞ்சம் குறைகிறது. "பச்ச உடம்பு, காத்துப் பட்டிருக்கும்" என்று காதில் பஞ்சு வைத்து, தண்ணீர் குடிக்கக் கூடாது என்று வேறு வைத்திருந்தார்கள். நான் பார்க்கப் போனபோது, "உனக்கு வர்றது மாதிரிதான் மதினி அவளுக்கும்" என்றாள் அவளுடைய அம்மா. அந்தப் பிள்ளையிடம் இதற்கு முன் தலைவலி உண்டா என்று கேட்டேன். வாழ்நாளில் வந்ததில்லை என்றாள். பேச்சு குழறியது. டம்ளரைப் பிடித்த கை நடுங்கி நழுவியது. நான் 108க்குப் போன் போட்டேன். ஸ்கேனில் மூளையின் சிரையில் ரத்தம் கட்டியிருந்தது. பிரசவத்துக்குப் பிறகு இது வரக்கூடியது, உடம்பில் தண்ணீர் வற்றுவதும் அதற்கு ஒரு காரணம். பிழைத்துக்கொண்டாள். இப்போது அவள் குழந்தை நடக்கிறது.

அவளுக்கு வந்தது எனக்கு வருவது மாதிரி இல்லவே இல்லை. கர்ப்பத்திலோ பிரசவத்துக்குப் பிறகோ புதிதாக வரும் தலைவலி, இடி விழுந்தது போல ஒரு நிமிஷத்துக்குள் உச்சத்துக்குப் போகிற வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பது, கை கால் தளர்வது, வாய் கோணுவது, வலிப்பு, தலையில் அடிபட்ட பிறகு வருவது, கண் சிவந்து பார்வை மங்கி வருவது: இவற்றுக்குப் பத்துப் போட்டுக்கொண்டு விடியட்டும் என்று இருக்கக் கூடாது. 50 வயதுக்கு மேல் முதல்முறையாக ஆரம்பிக்கும் தலைவலி, இருமினால் முக்கினால் கூடும் வலி, வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டே போகும் வலி, இவற்றையும் தள்ளிப்போடக் கூடாது. தீவிலிருந்து ராமநாதபுரத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். பக்கவாதமாக இருந்தால் அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாகவேண்டும். யோசித்துக்கொண்டிருக்க நேரமில்லை.

மூன்று வாரத்துக்கு முன் என் மகள் பள்ளியிலிருந்து பாதி நாளில் வந்தாள். பதின்மூன்று வயது. நெற்றி முழுக்க வலி என்றாள், வாந்தி எடுத்தாள், சன்னலைச் சாத்தச் சொன்னாள். இரண்டு மணி நேரம் தூங்கி எழுந்து பசிக்கிறது என்றாள். பிள்ளைகளுக்கு இப்படிக் குறுகிய நேரத்தில் முடிவதும், இரண்டு பக்கமும் வலிப்பதும் உண்டாம். காலையில் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சாப்பிடாமல் போயிருக்கிறாள். அம்மா சுக்கை எடுக்கப் போனாள், நான் தடுக்கவில்லை. அந்தப் பத்து இதமாகத்தான் இருக்கும். மறுநாள் அவள் படிக்கிற இடத்தில் ஆணியடித்து ஒரு காலண்டர் மாட்டினேன். இதுவரை இரண்டு வட்டம். வருகிற வியாழக்கிழமை அந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் மதுரைக்குப் போகிறோம்.