தகரக் கொட்டகையிலிருந்து வளர்ந்த அலுவலகம்

கலிஃபோர்னியாவின் வென்ச்சுரா நகரிலுள்ள, மலையேற்றம் போன்ற வெளிப்புறச் செயல்பாடுகளுக்கான ஆடைகளை விற்கும் பட்டகோனியா நிறுவனத்தின் தலைமையகத்தைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம், அதன் ஆடைகளைவிட, 1983 முதல் வளாகத்துக்குள்ளேயே இயங்கிவரும் குழந்தைகள் காப்பகம்தான் என்னைக் கவர்கிறது. நிறுவனர் இவான் ஷுய்னார்ட் மலையேற்றக் கருவிகளைச் சம்மட்டியால் அடித்து உருவாக்கிய தகரக் கொட்டகையும் அங்கேயே நிற்கிறது. கடலில் நல்ல அலை எழுந்தால், வேலையைச் சற்று ஒத்திவைத்துவிட்டு அலைச்சறுக்குக்குச் செல்ல ஊழியர்களுக்கு அனுமதி உண்டு. வேலை முடிந்ததா என்பதைவிட நாற்காலியில் ஆள் இருக்கிறாரா என்று பார்க்கும் மேலாளர்களுக்கு இது கசக்கத்தான் செய்யும்.

ஆனால், பணியிடப் பண்பாடு என்பது சலுகைகள் மட்டுமன்று. 1988இல் பாஸ்டனில் திறக்கப்பட்ட புதிய கடையின் ஊழியர்களுக்குத் தலைவலி வந்தபோது, காற்றோட்டத்தைச் சரிசெய்வதோடு நிறுவனம் நின்றுவிடவில்லை. அடித்தளத்தில் அடுக்கியிருந்த பருத்தி ஆடைகளிலிருந்து வெளிப்பட்ட ஃபார்மால்டிஹைடு என்னும் வேதிப்பொருள்தான் காரணம் என அறிந்து, பருத்தி எப்படி விளைகிறது, எப்படிப் பதப்படுத்தப்படுகிறது என்பதுவரை ஆராய்ந்தது. அந்தத் தேடலின் தொடர்ச்சியாக, 1996இல் தன் பருத்தி ஆடைகள் அனைத்தையும் இயற்கைமுறைப் பருத்திக்கு மாற்றியது. 2022இல் ஷுய்னார்ட் குடும்பம் உரிமையை ஓர் அறக்கட்டளைக்கும் சுற்றுச்சூழல் அமைப்புக்கும் அளித்ததே பெரிதாகப் பேசப்பட்டது. எனக்கோ, ஊழியரின் தலைவலியைப் பொருட்படுத்திய அந்த முடிவே அதனினும் பெரிதாகத் தெரிகிறது.