கையெழுத்து வாங்குன பொண்ணை மட்டும் திட்டி என்ன ஆகப்போகுது

நேத்து அம்மாவோட ஒரு பேங்க்குக்கு போயிருந்தேன். போன வாரம் எஃப்டி போடப் போனவங்க தலைல இன்சூரன்ஸும் மார்க்கெட் முதலீடும் சேர்ந்த யூலிப் பாலிசிய கட்டிட்டாங்க, வருஷம் 1 லட்சம், அஞ்சு வருஷம் கட்டணுமாம், அம்மாவுக்கு வயசு 67. வந்த கோவத்துல கையெழுத்து வாங்குன பொண்ணுகிட்ட கத்திட்டேன். அந்தப் பொண்ணு கண்ணு கலங்கிடுச்சு. டேபிள் கண்ணாடிக்கு அடியில ஒரு துண்டுச்சீட்டு, டார்கெட் 12, முடிச்சது 3ன்னு பேனால எழுதி இருந்துச்சு. அதுக்கு மேல எனக்கு பேச்சே வரல.

எஃப்டி மாதிரிதான்னு அம்மாகிட்ட சொன்னது தப்புதான், அத நான் இல்லைங்கல. ஆனா அந்த 12ஐ போட்டது யாரு?

அமெரிக்காவுல வெல்ஸ் ஃபார்கோ பேங்க்லயும் இப்படித்தான், ஒரு கஸ்டமருக்கு எட்டு ப்ராடக்ட் விக்கணும்னு மேல இருந்து நெருக்கி நெருக்கி கடைசில கஸ்டமருக்கே தெரியாம லட்சக்கணக்குல அக்கவுண்ட் ஓப்பன் பண்ணிட்டாங்க. 2016ல அபராதம் விழுந்தப்போ, ஏற்கனவே சுமார் 5,300 ஊழியர்கள வேலைய விட்டு தூக்கியிருந்தாங்க, பெரும்பாலும் கீழ்மட்டத்து ஆளுங்க. சிஇஓவா இருந்த ஜான் ஸ்டம்ஃப்க்கு 1.75 கோடி டாலர் அபராதமும் பேங்க் தொழில்லயே இருக்கக்கூடாதுங்கற தடையும் வர 2020 ஆச்சு.

பாலிசிய கேன்சல் பண்ண எழுதிக் குடுத்தாச்சு. பத்திரம் கைக்கு வந்த 30 நாளுக்குள்ள ரத்து பண்ணலாம், ஃப்ரீ லுக்னு கேளுங்க, வீட்ல பெரியவங்க யாருக்காவது இப்படி ஆகியிருந்தா உடனே தேதிய பாருங்க. புகார்ல அந்தப் பொண்ணு பேர எழுதல, டார்கெட்டப் பத்திதான் எழுதியிருக்கேன்.