தேன் கூடத்தில் பயிற்சி: சில நாட்குறிப்புகள்

2025 பிப்ரவரி 10
ரப்பர் மரங்கள் தளிர்விட்டுத் தேன் வரத்து தொடங்கிவிட்டதால், மார்த்தாண்டத்தை அடுத்த ஒரு தேன் நிரப்பும் கூடத்தில் எங்கள் சிறப்புப் பள்ளி மாணவர்கள் மூவரைப் பயிற்சிக்குச் சேர்த்துக்கொள்ள உரிமையாளர் இசைந்தார். மூவருக்கும் அறிவுசார் குறைபாடு உண்டு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசுப் பணிகளில் 4 சதவீத இடங்களை ஒதுக்கியிருந்தாலும், எழுத்துத் தேர்வைத் தாண்டி அங்கே செல்வது இவர்களுக்கு எளிதன்று என்பதால், நான் இத்தகைய சிறு கூடங்களையே நம்பியிருக்கிறேன்.

பிப்ரவரி 12
வேலையை ஏழு படிகளாகப் பிரித்துப் படம் வரைந்து சுவரில் ஒட்டினேன். கடைசிப் படியாகிய மூடி திருகுவதையே முதலில் கற்பித்தேன். அப்போதுதான் ஒவ்வொரு முறையும் வேலையை முடித்த நிறைவு அவர்களுக்குக் கிடைக்கும். ஆனால் பள்ளியில் தண்ணீரை வைத்துக் கழுத்துவரை நிரப்பப் பழக்கியது இங்கே உதவவில்லை. அரை லிட்டர் தண்ணீர் 500 கிராம்; அதே அளவு தேனோ ஏறக்குறைய 700 கிராம். தவறு என்னுடையதே. 500 கிராம் தேன் நிரப்ப, தராசு 490 காட்டும்போதே குழாயை மூட வேண்டும், ஏனெனில் மூடிய பின்னும் தேன் நூலாக இழிந்துகொண்டே இருக்கும்.

பிப்ரவரி 17
19 வயது மாணவன் தன் தட்டிலிருந்த புட்டிகளை எல்லாம் பிசகின்றி நிரப்பிவிட்டு, கைகட்டி வெகுநேரம் நின்றிருக்கிறான். மேற்பார்க்கும் அக்கா அவனைச் சோம்பேறி என்று எண்ணிவிட்டார். வகுப்பில் ஒரு வேலை முடிந்ததும் நாங்களே அருகில் சென்று அடுத்ததைக் கொடுத்துவிடுவோம். இத்தனை ஆண்டுகளாகக் காத்திருப்பதைத்தான் அவனுக்குப் பழக்கியிருக்கிறோம் என்பது எனக்கு இன்றுதான் உறைத்தது.

பிப்ரவரி 20
“முடிஞ்சாச்சு அக்கா, அடுத்து என்ன?” இவ்வளவுதான் இன்றைய பாடம். நான் அக்காவாக நடித்தபோது உடனே சொன்னான். அக்காவிடம் சொல்லக் கால்மணி நேரம் ஆயிற்று.

பிப்ரவரி 25
சிவராத்திரியை ஒட்டிப் பக்தர்கள் பன்னிரண்டு சிவன் கோயில்களுக்கு ஓடிச் செல்லும் சிவாலய ஓட்டக் கூட்டத்தில் பேருந்து தாமதமானது. கூடத்துக்குத் தொலைபேசியில் தகவல் சொல்வதை மூவருக்கும் நிறுத்தத்திலேயே பயிற்றுவித்தேன். ஒருவன் பெயரைச் சொல்லாமலே வைத்துவிட்டான்.

மார்ச் 4
இப்போது சிக்கல் தலைகீழாகிவிட்டது. அந்த 19 வயது மாணவன் ஒவ்வொரு புட்டிக்கும் “முடிஞ்சாச்சு” என்கிறான். “மக்களே, கொஞ்சம் இரி” என்று அக்கா சிரித்துக்கொண்டே சொன்னாலும் அவருடைய வேலை தடைப்படுகிறது. ஆகவே தட்டின் அடியில் சிவப்புத் தாள் ஒட்டினோம். எல்லாப் புட்டிகளையும் பெட்டிக்கு மாற்றி, தாள் முழுதாகத் தெரிந்த பிறகே சொல்ல வேண்டும். பிற்பகலில் இருமுறை மட்டும் சொன்னான். இரண்டாம் முறை அக்கா தலைநிமிராமலே லேபிள் சுருளை அவன் பக்கம் தள்ளினார்.