நெட் போனாலும் நிற்காத இலவசக் கருவிகள்: பள்ளி நூலகத்துக்கும் வகுப்பறைக்கும்

கூகுளின் டிஜிட்டல் வெண்பலகையான ஜாம்போர்டு 2024 டிசம்பர் 31-ஓடு மூடப்பட்டது. வருடக்கணக்கில் அதில் பாடம் வரைந்து சேர்த்தவர்களுக்கு இரண்டே வழிதான் இருந்தது: வேறு செயலிக்கு மாற்று, இல்லாவிட்டால் பிடிஎஃப்-ஆக இறக்கிக்கொள். இலவசக் கருவி எதையும் எடுக்கும் முன் இரண்டு கேள்வி கேட்டுக்கொள்வது நல்லது. நெட் போனால் ஓடுமா? நாளைக்கு இதைக் கைவிட்டால் நாம் போட்ட உழைப்பு நம்மோடு வருமா? இரண்டில் ஒன்றுக்காவது ஆம் என்று சொல்பவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

முதல் இடம் கிவிக்ஸுக்கு. 2007-இல் தொடங்கிய கட்டற்ற மென்பொருள். விக்கிப்பீடியாவை அப்படியே ஒரே கோப்பாக இறக்கி, இணையமே இல்லாமல் படிக்கலாம், தேடலாம். கோப்பின் வடிவத்துக்கு ஜிம் என்று பெயர். ஒவ்வொரு மொழிக்கும் பொதுவாக மூன்று அளவில் கிடைக்கும்: படங்களோடு முழுசாக மேக்ஸி, படமில்லாமல் நோபிக், கட்டுரைகளின் முன்னுரை மட்டும் மினி. ஆங்கில மேக்ஸி 100 ஜிபியைத் தாண்டும். பள்ளிக்கு அது தேவையில்லை. தமிழ் விக்கிப்பீடியா மேக்ஸி, எளிய ஆங்கில விக்கிப்பீடியா, தமிழ் விக்சனரி மூன்றும் போதும். கோப்பின் பெயரிலேயே ஆண்டும் மாதமும் இருக்கும். தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது, வருடத்துக்கு ஒரு முறை புதியதை இறக்கிப் பழையதை அழித்துவிடுங்கள்.

முதல் சிக்கல் நகலெடுக்கும்போதே வரும். பென் டிரைவில் போதிய இடம் இருந்தும் கோப்பு பெரியது என்று கம்ப்யூட்டர் மறுக்கும். காரணம், பல பென் டிரைவ்கள் ஃபேட்32 வடிவில் வருகின்றன. அதில் ஒரு தனிக் கோப்பு 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. எக்ஸ்ஃபேட் வடிவில் ஃபார்மட் செய்தால் சரியாகிவிடும் (உள்ளே இருப்பதை முதலில் வேறிடத்தில் எடுத்து வையுங்கள்). ஆண்ட்ராய்டில் இன்னொன்று: பிளே ஸ்டோரில் உள்ள பதிப்புக்குக் கோப்புகளைத் தேடிப் படிக்கும் அனுமதியில் கட்டுப்பாடு உண்டு. மெமரி கார்டில் கொண்டுவரும் ஜிம் கோப்பைத் திறக்க, கிவிக்ஸ் தளத்திலேயே கிடைக்கும் ஏபிகே என்ற நிறுவல் கோப்பை நிறுவுவதுதான் தலைவலி இல்லாத வழி.

ஒரு லேப்டாப்பில் இருப்பதை வகுப்பு முழுக்கக் கொடுக்கவும் முடியும். கிவிக்ஸின் மெனுவில் லோக்கல் கிவிக்ஸ் சர்வர் என்று ஒன்று இருக்கிறது. அதைத் தொடங்கினால் பெரும்பாலும் 192.168 என்று ஆரம்பித்து 8080 என்று முடியும் முகவரி ஒன்றைக் காட்டும். அதே வை-ஃபையில் இருக்கும் எந்த டேப்லெட்டிலும் பிரவுசரில் அந்த முகவரியை அடித்தால் நூலகம் திறக்கும். ரவுட்டருக்கு நெட் இணைப்பு வேண்டியதில்லை, மின்சாரம் போதும். போன் ஹாட்ஸ்பாட்டிலும் ஓடும். ஆனால் பல போன்களில் பத்துப் பேருக்கு மேல் சேர முடியாது. நாற்பது பேர் வகுப்புக்கு மலிவான ரவுட்டரே சரி.

பக்கம் திறக்கவில்லையா? வரிசையாகப் பாருங்கள். விண்டோஸ் ஃபயர்வால் முதல் முறை கேட்கும் அனுமதியை யாராவது மறுத்திருப்பார்கள். இல்லாவிட்டால் பிரவுசர் தானாக எச்டிடிபிஎஸ் என்று போட்டிருக்கும். எஸ் இல்லாமல் எச்டிடிபி என்று முழுசாக அடிக்க வேண்டும். மூன்றாவதுதான் அதிகம் குழப்புவது: வை-ஃபையில் இணையம் இல்லை என்று கண்ட போன், சொல்லாமல் கொள்ளாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். டேட்டாவை அணைத்தால் பக்கம் வந்துவிடும். பாடத்தின் நடுவில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் நின்றால் லேப்டாப் தூங்கப் போயிருக்கிறது. ஸ்லீப்பை முன்பே நிறுத்தி வைக்க வேண்டும்.

அறிவியல் ஆசிரியர்களுக்கு, கொலராடோ போல்டர் பல்கலைக்கழகத்தின் ஃபெட் சிமுலேஷன்கள். எச்டிஎம்எல்5 வகையில் உள்ள ஒவ்வொன்றையும் ஒரே கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். மின்சுற்று, ஊசல், பின்னம் எல்லாம் பென் டிரைவிலிருந்தே ஓடும். பலவற்றுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு. பழைய ஜாவா, ஃபிளாஷ் வகைகளைத் தொடாதீர்கள். நாமே வினாடிவினா, இழுத்துப் பொருத்தும் பயிற்சி செய்ய வேண்டுமானால் லூமி. அதுவும் ஒரே எச்டிஎம்எல் கோப்பாகத் தரும். ஆனால் அப்படித் திறக்கும் பயிற்சியில் மாணவர் வாங்கும் மதிப்பெண் ஆசிரியருக்குத் தானாக வந்து சேராது. பயிற்சிக்குச் சரி, தேர்வுக்கு ஆகாது.

சின்ன வகுப்புகளுக்கு, பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர். தமிழ்க் கதைகள் நான்கு வாசிப்பு நிலைகளில் இருக்கின்றன. எழுதியவர், வரைந்தவர் பெயரை எடுக்காமல் அச்சடித்துக்கொள்ளலாம். பிடிஎஃப்-ஐ புக்லெட் முறையில் அச்சிட்டு நடுவில் ஸ்டேப்ளர் போட்டால் புத்தகம் தயார். ஒரு தாளுக்கு நான்கு பக்கம் என்பதால் 14 பக்கக் கதைக்கு 4 தாள், கடைசியில் இரண்டு வெற்றுப் பக்கம். இருபுறம் அச்சிடும்போது குறுகிய ஓரத்தில் திருப்பச் சொல்லுங்கள். நீண்ட ஓரத்தைத் தேர்ந்தால் பின்பக்கமெல்லாம் தலைகீழாக வந்து நிற்கும்.

வகுப்பில் உடனுக்குடன் கேள்வி கேட்டு விடை திரட்டும் பிளிக்கர்ஸ் மட்டும் ஒரு விதிவிலக்கு. அதற்கு நெட் வேண்டும், ஆனால் ஆசிரியரின் போனுக்கு மட்டும். மாணவர் கையில் இருப்பது அச்சிட்ட அட்டை ஒன்றுதான். நாலு பக்கமும் ஏ, பி, சி, டி. விடைக்கான எழுத்து மேலே வருமாறு பிடித்தால் போன் கேமரா வகுப்பு முழுவதையும் ஒரே வீச்சில் படித்துவிடும். அட்டைக்கு அட்டை வடிவம் வேறு என்பதால் பக்கத்தில் பார்த்துப் போடுவதும் கடினம். 40 அட்டைத் தொகுப்பும் 63 அட்டைத் தொகுப்பும் இலவசமாகக் கிடைக்கின்றன. பளபளப்பான லேமினேஷன் போடாதீர்கள்; டியூப்லைட் பட்டு மின்னினால் கேமரா திணறும். கறுப்பு வடிவத்தின் மேல் விரல் பட்டாலும் படிக்காது. கெட்டியான மங்கல் அட்டை, ஓரத்தில் விரல் வைக்க வெள்ளை விளிம்பு, அவ்வளவுதான் வேண்டும்.

நூலகர்களுக்கு வருகிறேன். மூவாயிரம், நாலாயிரம் புத்தகம் உள்ள பள்ளி நூலகத்துக்கு முதல் நாளே பெரிய மென்பொருள் வேண்டாம் என்பது என் கட்சி. எக்செல் போன்ற இலவசக் கருவியான லிப்ரே ஆபீஸ் கால்க்கில் ஒழுங்கான பட்டியல் போதும். சிஎஸ்வி கோப்பை (அட்டவணையை வெறும் எழுத்தாகச் சேமிக்கும் வகை) திறக்கும்போதே எழுத்துக்குறி எது என்று அது கேட்கும். யூடிஎஃப்-8 என்று சொன்னால் தமிழ் உடையாது. அந்தப் பெட்டியிலேயே ஐஎஸ்பிஎன் (நூலின் அடையாள எண்) நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று குறித்துவிடுங்கள். குறிக்காமல் எக்செலில் நேராகத் திறந்தால் 13 இலக்க எண்ணை 9.78 என்று தொடங்கும் சுருக்க வடிவில் காட்டும். அந்த நிலையில் மீண்டும் சிஎஸ்வியாகச் சேமித்தால் பின் இலக்கங்கள் போனது போனதுதான்.

பழைய பட்டியல் பாமினி, வானவில் போன்ற பழைய தமிழ் எழுத்துருக்களில் இருந்தால் என்எச்எம் கன்வெர்ட்டர் யூனிகோடுக்கு மாற்றித் தரும். முழு ஷீட்டையும் ஒரே மூச்சில் கொடுத்துவிடாதீர்கள். இடையில் இருக்கும் ஆங்கிலத் தலைப்புகளையும் தமிழ் என்று நினைத்து மாற்றிக் குப்பையாக்கிவிடும். தமிழ் நெடுவரிசைகளை மட்டும் தனியே எடுத்து மாற்றி, திரும்ப ஒட்டுங்கள்.

யூனிகோடுக்கு வந்த பிறகும் தேடல் பிசகும். ஔவையார் என்பதை ஔ என்ற ஒரே எழுத்தாக அடித்தவர் உண்டு. ஒ-வும் ள-வும் சேர்த்து அடித்தவரும் உண்டு. கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுதான், கம்ப்யூட்டருக்கு இரண்டு வேறு சொற்கள். இதைத் தேடி மாற்றுவதில்தான் தீர்க்க முடியும்.

ஆசிரியர் பெயர்க் குழப்பத்துக்கு ஓப்பன்ரிஃபைன். நம் கம்ப்யூட்டரிலேயே ஓடுவது, தகவல் வெளியே போகாது. ஆசிரியர் நெடுவரிசையில் டெக்ஸ்ட் ஃபேசட் போட்டு கிளஸ்டர் அழுத்தினால் ஒத்த பெயர்களைக் கூட்டமாகக் காட்டும். 'முருகேசன், க.' என்பதும் 'க. முருகேசன்' என்பதும் தானாகச் சேரும், ஏனென்றால் அது நிறுத்தற்குறிகளை நீக்கிச் சொற்களை வரிசைப்படுத்தி ஒப்பிடுகிறது. இடைவெளி விடாமல் 'க.முருகேசன்' என்று அடித்திருந்தால் சேராது. புள்ளி போனதும் அது ஒரே சொல்லாகிவிடும். அதனால் முதலில் புள்ளிக்குப் பின் இடைவெளி சேர்த்து, இரட்டை இடைவெளிகளை ஒன்றாக்கி, பிறகு கிளஸ்டர் போடுங்கள்.

இரவல் கணக்கு கையை மீறும்போது கோஹாவுக்குப் போகலாம். நியூசிலாந்தின் ஹொரோஃபெனுவா நூலகங்களுக்காக எழுதப்பட்டு 2000 ஜனவரியில் ஓடத் தொடங்கிய நூலக நிர்வாக மென்பொருள். லினக்ஸ் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். சுத்தம் செய்த பட்டியலை மார்க்எடிட் என்ற இலவசக் கருவி, நூலக மென்பொருள்கள் நூல் விவரத்தைப் படிக்கும் மார்க் வடிவுக்கு மாற்றித் தரும். அப்போது 952 என்ற புலத்தில் சொந்த நூலகம், இப்போது இருக்கும் நூலகம், பொருள் வகை, பார்கோடு நான்கையும் நிரப்பிவிடுங்கள். அந்தப் புலம் இல்லாமல் ஏற்றினால் நூல் விவரம் ஏறும், பிரதி ஏறாது. தேடினால் புத்தகம் தெரியும், இரவல் கொடுக்க முடியாது.