விரிவுரையாளர் எங்கே வேலை செய்தவர் என்று கேட்டுச் சேர்ந்த முதுமாணிக் கற்கை

பொறியியல் முகாமைத்துவத்தில் முதுமாணிப் பட்டம் படிப்பதென்று முடிவெடுத்தபோது, கொழும்பிலும் அதைச் சூழவும் நடைபெறும் கற்கைநெறிகளின் பாடத்திட்டங்களை அருகருகே வைத்துப் பார்த்தேன். செயற்றிட்ட முகாமைத்துவம், செயற்பாட்டு ஆய்வு (முடிவெடுப்பதற்குக் கணித முறைகளைப் பயன்படுத்தும் பாடம்), நிதிக் கணக்கீடு, ஒப்பந்தச் சட்டம், தர முகாமைத்துவம், மனிதவளம், ஆய்வு முறையியல் என்று ஏறக்குறைய ஒரே தலைப்புகளே எல்லாவற்றிலும் இருந்தன. கட்டட ஒப்பந்த நிறுவனமொன்றில் வேலை செய்துகொண்டே பல இலட்சம் ரூபாய் கட்டணத்தையும் இரண்டு ஆண்டு வார இறுதிகளையும் கொடுக்கப் போகும் ஒருவர், ஒன்றிலிருந்து இன்னொன்றைப் பிரித்தறிய அந்தத் தலைப்புகள் போதவில்லை. எனவே யார் கற்பிக்கிறார்கள், அவர்கள் இதற்கு முன் எங்கே, என்ன பொறுப்பில் இருந்தார்கள் என்று விசாரிக்கத் தொடங்கினேன். அதை எப்படிச் செய்தேன், உள்ளே போனபின் எது பயன்பட்டது என்பதை, இதே தெரிவைச் செய்யவிருக்கும் தமிழ்ப் பொறியியலாளர்களுக்காக எழுதுகிறேன்.

கற்பிப்பவரின் தொழிற்பின்னணியைக் கேட்பது இந்தத் துறையில் அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது. துறை உருவானதே தொழிலில் இருந்தவர்களால்தான். பூட்டுத் தயாரிப்பு நிறுவனமொன்றை நடத்திய ஹென்றி டவுன் 1886 இல் அமெரிக்க இயந்திரப் பொறியியலாளர்கள் சங்கத்தின் முன், தொழிற்கூடத்தை முகாமை செய்வதும் பொறியியலாளரின் கடமையே என்று வாதிட்டார். முகாமைத்துவக் கோட்பாட்டின் முன்னோடியான ஹென்றி ஃபயோல் சுரங்கப் பொறியியலாளராகத் தொடங்கி, அதே சுரங்க நிறுவனத்தின் தலைமைக்கு வந்தவர். மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகம் 1914 இல் பொறியியல் நிருவாகத்தைத் தனிக் கற்கைநெறியாகத் தொடங்கியது. 1935 இல் பேர்டியூ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் பொறுப்பேற்ற லிலியன் கில்பிரெத், உளவியலில் கலாநிதிப் பட்டம் பெற்றவராகவும் தொழிற்சாலைகளுக்கு ஆலோசகராகப் பல ஆண்டுகள் பணியாற்றியவராகவும் இருந்தார். 1967 இல் மிசூரி மாநிலத்தின் ரோலா நகரில் பொறியியல் முகாமைத்துவத்துக்கென்றே ஒரு துறை திறக்கப்பட்டபோது, அதன் முதல் தலைவரான பெர்னாட் சார்செட் இரசாயனத் தொழில் நிறுவனமொன்றிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு வந்தவர்.

இலங்கையில் நிரந்தர விரிவுரையாளர் ஒருவர் உருவாகும் பாதை வேறு. முதல் வகுப்பிலோ இரண்டாம் வகுப்பின் மேற்பிரிவிலோ சித்தியடைந்தவர் தற்காலிக ஆசிரியராகச் சேர்ந்து, தகுதிகாண் விரிவுரையாளராகி, வெளிநாட்டுப் புலமைப்பரிசிலில் கலாநிதிப் பட்டம் முடித்துத் திரும்பி, சிரேஷ்ட விரிவுரையாளர் ஆவது வழமை. ஆட்சேர்ப்பும் பதவியுயர்வும் பட்டத்தையும் ஆய்வு வெளியீட்டையும் முதன்மையாக மதிப்பதால், இந்தப் பாதையில் தொழிற்சாலைக்கோ வேலைத்தலத்துக்கோ நீண்ட இடம் கிடைப்பதில்லை. ஏழு ஆண்டு சேவைக்கு ஓராண்டு என்ற கணக்கில் வரும் ஆய்வு விடுமுறையைச் சிலர் தொழில்துறையில் கழிக்கிறார்கள். அப்படிச் செய்தவர்களின் விவரக்குறிப்பைக் கண்டால் நான் குறித்துக்கொண்டேன். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் தொழில்நுட்ப முகாமைத்துவத்துக்கும் பேராதனையில் பொறியியல் முகாமைத்துவத்துக்கும் தனித் துறைகள் இருக்கின்றன. ஆனாலும் வார இறுதியில் நடக்கும் முதுமாணி வகுப்புகளில் தொழில் அனுபவம் பெரும்பாலும் வருகைதரு விரிவுரையாளர்கள் வழியாகவே உள்ளே வருகிறது. விளம்பரத் துண்டுப்பிரசுரங்களில் அவர்களுடைய பெயர்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஆகவே பட்டியலை வாசிக்கும்போது பட்டங்களுக்கு இடையில் இருந்த ஆண்டுகளைக் கவனித்தேன். முதற்பட்டத்துக்கும் கலாநிதிப் பட்டத்துக்கும் நடுவே ஒருவர் என்ன செய்தார், எந்தத் தொகைக்குக் கையெழுத்திடும் அதிகாரம் அவரிடம் இருந்தது, அவர் தவறினால் நட்டம் யாருக்குப் போயிருக்கும் என்ற கேள்விகளை வைத்துக்கொண்டு வாசித்தேன். கொழும்பு 7, விஜேராம மாவத்தையிலுள்ள இலங்கைப் பொறியியலாளர்கள் நிறுவகம் வழங்கும் பட்டயப் பொறியியலாளர் தகுதிக்கு நான் அதிக எடை கொடுத்தேன். ஒருவர் பொறுப்பேற்றுச் செய்த வேலையை மற்றப் பொறியியலாளர்கள் அவரை எதிரே இருத்தி விசாரித்து ஏற்றுக்கொண்ட பின்னரே அது கிடைக்கிறது. பெயருக்குப் பின்னால் வரும், செயற்றிட்ட முகாமைத்துவச் சான்றிதழைக் குறிக்கும் பிஎம்பி என்ற எழுத்துகளைச் சற்று நிதானமாகவே எடுத்துக்கொண்டேன். பட்டதாரியான ஒருவர் 36 மாதம் செயற்றிட்டங்களை வழிநடத்திய அனுபவத்தையும் 35 மணி நேரப் பயிற்சியையும் காட்டி அந்தப் பரீட்சைக்குத் தோற்றலாம். அது நல்ல தகுதிதான், ஆனால் முதுமாணி மாணவருக்குக் கற்பிக்க அது மட்டும் போதும் என்று நான் நினைக்கவில்லை.

விவரக்குறிப்புகள் ஓர் எல்லைவரைதான் உதவின. உண்மையான வெளிச்சம் வேறொரு இடத்தில் கிடைத்தது. எங்கள் அலுவலகத்தில் மூத்தவரான ஒரு அண்ணா சில ஆண்டுகளுக்கு முன் இத்தகைய கற்கையை முடித்திருந்தார். அவரிடம் விரிவுரையாளர்களைப் பற்றி அபிப்பிராயம் கேட்டபோது, "அபிப்பிராயம் ஆளுக்கு ஆள் மாறும். எங்களுக்குத் தந்த ஒப்படைகளைத் தருகிறேன், நீங்களே பாருங்கள்" என்று சொல்லி ஒரு கோப்பைக் கொடுத்தார். ஒருவருடைய பின்னணியை அவருடைய சுயவிவரத்தைவிட அவர் தந்த ஒப்படை தெளிவாகக் காட்டும் என்பதை அன்று அறிந்தேன். "தலைமைத்துவத்தின் முக்கியத்துவத்தை ஆராய்க" என்று ஒன்று இருந்தது. இன்னொன்று ஒரு பம்பு நிலையத்தின் பராமரிப்புப் பதிவேட்டைக் கொடுத்து, எந்த இயந்திரத்தை அடுத்த வரவுசெலவுத் திட்டத்தில் மாற்ற வேண்டும், மாற்றாவிட்டால் ஆண்டுக்கு எவ்வளவு செலவு என்று கேட்டது. இரண்டாவதைத் தயாரித்தவர் பம்பு நிலையத்தில் நின்றவர் என்பதை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கற்கையின் தரநிலையையும் பார்த்தேன். இலங்கைத் தகைமைகள் கட்டமைப்பில் 9 ஆம் மட்டத்து முதுமாணி 30 கிரெடிட்டுகளுடன் பாடநெறியாக முடிகிறது; 10 ஆம் மட்டத்துக்கு 60 கிரெடிட்டுகளும் ஆய்வுக் கூறும் வேண்டும். நான் 10 ஆம் மட்டத்தைத் தெரிவு செய்ததால், வகுப்பில் யார் வருவார் என்பதோடு ஆய்வை யார் மேற்பார்வை செய்வார் என்பதும் முக்கியமாயிற்று. அறிமுகக் கூட்டத்தில் கற்கையின் இணைப்பாளரிடம், "சேர், ஒப்பந்தப் பாடத்தை எடுப்பவர் ஒப்பந்தங்களை நடத்தியவரா?" என்று கேட்டேன். மண்டபத்தில் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் முகம் சுளிக்காமல், எந்தெந்தப் பாடங்களுக்கு வெளியிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், எந்தப் பாடத்துக்கு இன்னும் ஆள் உறுதியாகவில்லை என்பதுவரை விவரமாகச் சொன்னார். அந்த வெளிப்படைத்தன்மைதான் என்னை அங்கே விண்ணப்பிக்க வைத்தது. விண்ணப்பமும் நேர்முகத் தேர்வும் சிக்கலின்றி முடிந்தன. வேலைகொள்வோரின் கடிதத்தை மட்டும் முன்கூட்டியே கேட்டு வாங்கிவைப்பது நல்லது.

ஒப்பந்தப் பாடத்துக்கு வந்தவர் வதிவிடப் பொறியியலாளராகப் பல காலம் இருந்து, பின்னர் பிணக்குகளில் தீர்ப்பாளராகவும் அமர்ந்தவர். ஆலோசகப் பொறியியலாளர்களின் சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிடிக் வெளியிட்ட மாதிரி நிர்மாண ஒப்பந்தமான 1999 ஆம் ஆண்டுச் சிவப்புப் புத்தகத்தில் 20.1 ஆம் உறுப்புரை, கால நீடிப்போ மேலதிகக் கொடுப்பனவோ கோரும் ஒப்பந்தகாரர், காரணமான நிகழ்வை அறிந்த அல்லது அறிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து 28 நாட்களுக்குள் அறிவித்தல் கொடுக்க வேண்டும், கொடுக்கத் தவறினால் உரிமை போய்விடும் என்கிறது. இதை நாங்கள் எல்லோரும் முன்னரே வாசித்திருந்தோம். அவர் உறுப்புரையை விளக்கவில்லை. பெயர்களை மறைத்த கடிதங்கள், கூட்டக் குறிப்புகள், நாளாந்த வேலைப் பதிவுகள் அடங்கிய கட்டொன்றை ஆளுக்கு ஆள் கொடுத்து, ஒப்பந்தகாரர் எந்த நாளில் "அறிந்திருக்க வேண்டும்" என்று கண்டுபிடிக்கச் சொன்னார். வகுப்பில் ஒருவருக்கொருவர் வேறு வேறு திகதிகள் வந்தன. ஒவ்வொரு திகதியையும் கரும்பலகையில் எழுதி, அதைச் சொன்னவரைத் தன் முன் வாதாட வைத்தார். 2022 இல் டொலர் தட்டுப்பாட்டால் கம்பியும் சீமெந்தும் விலையேறிய காலத்தின் ஆவணங்களும் அந்தக் கட்டில் இருந்தன. நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகார சபை மாதந்தோறும் வெளியிடும் விலைச் சுட்டெண்கள், களத்தில் நாங்கள் கொடுத்த விலையோடு எப்போது ஒத்துப்போயின, எப்போது பின்தங்கின என்பதை நாங்களே கணக்கிட்டோம். என் வேலையை நான் பார்க்கும் விதம் அந்த வகுப்புகளில் மாறியது. இப்போது தள நாட்குறிப்பில் ஒரு வரி எழுதும்போதும் அதை ஒரு தீர்ப்பாளர் வாசிப்பார் என்ற நினைவோடு எழுதுகிறேன்.

பெரிய ஆலை ஒன்றை நடத்தி ஓய்வுபெற்ற இன்னொருவரும் வந்தார். அவருடைய பதவிகளின் பட்டியல் எல்லோருடையதையும்விட நீளமானது. தொழிற்சங்கத்தை எப்படிச் சமாளித்தார், அமைச்சரிடம் என்ன சொன்னார் என்று மணிக்கணக்காகச் சொன்னார். ஆனால் அவருடைய முடிவுகளுக்குப் பின்னால் இருந்த எண்கள் எங்களுக்குக் கிடைக்கவில்லை. அவர் செய்தது சரியா பிழையா என்று ஆராயும் வாய்ப்பும் எங்களுக்கு இல்லை. அனுபவம் எத்தனை ஆண்டு என்பது கற்பித்தலைத் தீர்மானிப்பதில்லை என்ற முடிவுக்கு நான் வந்தது இவரையும் முன்னவரையும் ஒரே பருவத்தில் கேட்டதால்தான். தன் வேலையை மாணவர் சோதித்துப் பார்க்கக்கூடிய ஆவணமாக வகுப்புக்குக் கொண்டுவருகிறாரா என்பதே தீர்மானிக்கிறது.

இதற்கு மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். செயற்பாட்டு ஆய்வைக் கற்பித்த கலாநிதி ஒருநாளும் வேலைத்தலத்தில் சம்பளம் வாங்கியவரல்லர், அதை அவரே முதல் வகுப்பில் சொன்னார். நண்பர்கள் சிலர் அவரிடம் பெரிதாக எதிர்பார்க்கவில்லை. 1958 இல் அமெரிக்கக் கடற்படையின் பொலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக உருவான, வேலைகளின் கால அட்டவணையைக் கணக்கிடும் பேர்ட் முறையை அவர் எடுத்துக்கொண்டு, ஒரே முடிவுக்கு வந்து சேரும் பல பாதைகளில் மிக நீண்டதை மட்டும் கணக்கிடுவதால் அந்த முறை முடிவுநாளை உண்மையில் வரக்கூடியதைவிட முந்தியதாகவே காட்டுகிறது என்று விளக்கினார். பிறகு எங்களிடம் ஒரு கணக்குக் கொடுத்தார். மின்னிணைப்பு, நீர்க்குழாய், குளிரூட்டி, மின்தூக்கி, தீயணைப்பு ஆகிய ஐந்து உப ஒப்பந்தகாரர்களும் தனித்தனியே 80 சதவீத நிகழ்தகவோடு உரிய நாளில் முடிப்பார்கள் என்று வைத்துக்கொண்டால், ஒருவரையொருவர் சாராத நிலையில், ஐவரும் அன்றே முடித்திருப்பதற்கான நிகழ்தகவு வெறும் 33 சதவீதம். எங்கள் கட்டடங்களின் கையளிப்பு ஏன் எப்போதும் பிந்துகிறது என்பதற்கு, களத்தில் யாரும் எனக்கு இவ்வளவு தெளிவான விடை தந்ததில்லை. அவருடைய பின்னணியில் வேலைத்தலம் இல்லை. ஆனால் அவர் சொன்ன ஒவ்வொன்றையும் நாங்கள் கணக்குப் போட்டுச் சோதிக்க முடிந்தது.

நிதிப் பாடத்தை எடுத்த பட்டயக் கணக்காளர், பொறியியலாளர்களுக்கு ஐந்தொகை கற்பிப்பதில் நேரத்தைச் செலவிடவில்லை. ஒவ்வோர் இடைக்காலக் கொடுப்பனவிலும் 10 சதவீதம், மொத்தமாக ஒப்பந்தத் தொகையின் 5 சதவீதம் வரை பிடித்து வைக்கப்படும் ஒரு வேலையில், இலாபம் காட்டும் நிறுவனம் எந்த மாதத்தில் சம்பளம் கொடுக்கப் பணமின்றி நிற்கும் என்று வரைந்து காட்டினார்.

ஆய்வுக்கு, உப ஒப்பந்தகாரர்களின் ஒருங்கிணைப்பும் கையளிப்புத் தாமதமும் என்ற தலைப்பை எடுத்தேன். செயற்பாட்டு ஆய்வுக் கலாநிதியையும், வெளியிலிருந்து ஒரு பட்டயப் பொறியியலாளரையும் இணை மேற்பார்வையாளர்களாகத் தரும்படி எழுதிக் கேட்டேன். துறை அதை ஏற்றுக்கொண்டது. ஒருவர் என் தரவில் ஐந்து வேலைகளும் ஒன்றையொன்று சாராதவை என்ற எடுகோள் உடைவதைக் காட்டினார். மற்றவர் அது ஏன் உடைகிறது என்று சொன்னார்: கூரைக்கு மேல் நிற்கும் பாரந்தூக்கி ஒன்றுதான், அதற்காக ஐவரும் காத்திருக்கிறார்கள். அந்த ஒரு வாக்கியத்திலிருந்து என் நான்காம் அத்தியாயம் முழுவதும் எழுந்தது. தரவு பெறுவதற்கு நிறுவனத்தின் எழுத்துமூல அனுமதியும் பெயர் மறைப்பு உறுதிமொழியும் தேவைப்படும். அவற்றைத் தலைப்பு அங்கீகரிக்கப்படும் முன்னரே பெற்றுவிட வேண்டும், இல்லையேல் தலைப்பு இருந்தும் தரவு இல்லாமல் மாதங்கள் போய்விடும். வாய்மொழிப் பரீட்சையில் பாரந்தூக்கியின் நேரப் பங்கீட்டைப் பற்றித்தான் நீண்ட நேரம் கேட்டார்கள்.

கற்கை முடிவில் தந்த பின்னூட்டப் படிவத்தில் மேலதிகத் தாள் ஒன்றை இணைத்தேன். ஒவ்வொரு பாடத்துக்கும் கற்பிப்பவரின் பட்டங்களோடு அவர் வகித்த பணிகளையும் காலத்தையும், வருகைதரு விரிவுரையாளர்கள் உட்பட, விண்ணப்பம் கோரும் அறிவித்தலிலேயே வெளியிட வேண்டும் என்றும், கடந்த ஆண்டு கொடுத்த ஒப்படைகளில் பாடத்துக்கு ஒன்றாவது விண்ணப்பதாரர்களுக்குக் காட்டப்பட வேண்டும் என்றும் எழுதினேன். இணைப்பாளர் அதைத் துறைக் கூட்டத்தில் முன்வைப்பதாகச் சொல்லி, ஒப்பந்த வகுப்புக்கு எங்கள் நிறுவனத்தின் பழைய கோப்பு ஒன்றைப் பெயர்களை நீக்கித் தர முடியுமா என்று கேட்டார். அதற்கு அனுமதி கேட்கும் கடிதத்தை நிறுவனத்திடம் கொடுத்திருக்கிறேன்.