அம்மா நேர்ந்தது, நான் நடந்தது

"நீதான் எந்தச் சபைக்கும் போறதில்லையே பிள்ளே. உன்னை யாரு கேள்வி கேக்கப் போறா? நீயே போயிட்டு வா."

அம்மா இப்படிச் சொன்னதும் சிரித்துவிட்டேன். எட்டு வருஷமாக நான் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்பதைச் சொல்லிச் சொல்லி அழுதவர், அதையே ஒரு தகுதியாக மாற்றிவிட்டார்.

நேர்ச்சை எனக்காகத்தான். மூன்று வயதில் எனக்குக் காய்ச்சலோடு வலிப்பு வந்து, வாயில் நுரை தள்ளி, கண் சொருகிவிட்டதாம். பிள்ளை பிழைத்தால் சிங்கப்பூர் அங் மோ கியோ வீட்டிலிருந்து ஓபிர் ரோடு லூர்து மாதா கோவிலுக்கு நடந்தே வந்து, மாதா சொரூபம் இருக்கும் குகையான கெபியில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன் என்று அம்மா நேர்ந்துகொண்டார். பிள்ளை பிழைத்தது. அம்மாவால் மட்டும் போக முடியவில்லை. தூத்துக்குடி பனிமய மாதா கோவிலில் ஞானஸ்நானம் பெற்றவர், கல்யாணத்துக்குப் பிறகு தூத்துக்குடிப் பக்கமே இருக்கும் நாசரேத் ஊர் வேதக்காரர், அதாவது மாதா வணக்கம் இல்லாத புராட்டஸ்டன்ட் வீட்டு மருமகள். அப்பா முதலில் கண்டும் காணாமல் இருந்திருக்கிறார். தேக்கா சந்தைக்கு மீன் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அம்மா ஓபிர் ரோடு வரை எட்டிப் பார்த்துவிட்டு வருவாராம். பிறகு அப்பா வேறொரு சபையில் சேர்ந்தார். அங்கே மாதா என்ற சொல்லே ஆகாது. நேர்ச்சை நாற்பத்தைந்து வருஷம் அப்படியே கிடந்தது. இப்போது அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன.

நான் சபையை விட்ட கதையையும் சொன்னால்தான் மற்றது புரியும். 2015-ல் அப்பாவுக்குப் புற்றுநோய். ஜெபிக்க வந்தவர்கள் ஜெபத்தோடு நிற்காமல், "வீட்டுக்குள்ள ஏதோ சாபம் இருக்கு, அதான் சுகம் வரல" என்று அலமாரியைத் திறந்து தேட ஆரம்பித்தார்கள். அம்மாவின் சேலைகளுக்கு அடியில், மைலோ டின்னுக்குள் ஒரு சின்ன மாதா படம். கல்யாணத்தன்று அவருடைய அம்மா கொடுத்தது. அம்மா ஒரு வார்த்தை பேசாமல் எடுத்து நீட்டினார். வாங்கிக்கொண்டு போனார்கள். நான்கு மாதத்தில் அப்பா போய்விட்டார். அடக்கம் முடிந்த மறுவாரம், சபைக்குக் கொடுக்கிற தசமபாகம், வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு, எத்தனை மாதம் பாக்கி என்று ஒருவர் மெதுவாகக் கேட்டார். அதோடு சரி, நான் நிறுத்திக்கொண்டேன்.

கிறிஸ்துவை நான் நிறுத்தவில்லை. அதைத்தான் யாருக்கும் புரியவைக்க முடிவதில்லை. ராத்திரி பாத்திரம் கழுவி முடித்ததும் சமையலறை மேசையில் அப்பாவின் வேதாகமத்தை விரித்து வைத்துக்கொண்டு, யாரும் விளக்கம் சொல்லாமல் வாசிக்கத் தொடங்கினேன். தசமபாகம் கொண்டுவரச் சொல்லும் மல்கியா மூன்றாம் அதிகாரத்தை நான் எத்தனையோ ஞாயிறு கேட்டிருக்கிறேன். உபாகமம் 14-ஐ ஒருவரும் வாசித்துக் காட்டியதில்லை. தசமபாகத்தைக் கொண்டுபோய்க் கர்த்தருடைய சந்நிதியில் நீயும் உன் வீட்டாரும் சாப்பிட்டுச் சந்தோஷப்படு, மூன்றாம் வருஷம் லேவியனுக்கும் பரதேசிக்கும் திக்கற்றவனுக்கும் விதவைக்கும் வயிறு நிறையட்டும் என்று இருக்கிறது. அம்மாவும் அப்போது விதவைதான். சபையை விட்டவர்களிடம் எல்லோரும் எடுத்து நீட்டும் வசனம் எபிரெயர் 10:25: சபை கூடிவருதலை விட்டுவிடாதே. நான் பதிலுக்கு மத்தேயு 6:6-ஐ வைத்துக்கொண்டேன்: அறைவீட்டுக்குள் போய்க் கதவைப் பூட்டி ஜெபி. அப்பாவின் ஊர்ப்பக்கமே, நாசரேத்தை ஒட்டிய முக்குப்பேறியில், சட்டாம்பிள்ளை என்கிற அருமைநாயகம் 1857-லேயே வெள்ளைக்கார மிஷனை உதறிவிட்டுத் தனியாக ஒரு சபை தொடங்கி, சனிக்கிழமையை ஓய்வுநாளாக வைத்துக்கொண்டவர் என்று படித்தபோது கொஞ்சம் தெம்பாகக்கூட இருந்தது. நம் ஊரில் இது புதிதில்லை.

ஆனால் பாட்டு இல்லாத ஞாயிறு நீளமானது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

சரி, நடந்த கதைக்கு வருகிறேன். 2024 பிப்ரவரி 11, லூர்து மாதா திருநாள், ஞாயிற்றுக்கிழமை. சீனப் புத்தாண்டின் இரண்டாம் நாளும் அன்றுதான். விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பினேன். அம்மா வாசலில் வீல்சேரில் உட்கார்ந்து நெற்றியில் சிலுவை போட்டுவிட்டார். பத்து கிலோமீட்டருக்கு மேல். முதலில் போகிற ரோட்டுக்கே மேரிமவுண்ட் என்று பெயர். அம்மாவிடம் சொன்னால் அதையும் கணக்கில் சேர்த்திருப்பார்.

தாம்சன் ரோட்டில் பாதி தூரத்தில் இடது ஷூவின் அடிப்பாகம் வாய் பிளந்தது. நான்கு வருஷம் ஷூ அலமாரியில் சும்மா கிடந்த ஷூ. இந்த ஊர்ப் புழுக்கத்தில் பசையெல்லாம் பொடியாகிவிடும் என்று தெரிந்தும் போட்டுக்கொண்டு வந்தது என் முட்டாள்தனம். தலைமுடி ரப்பரை எடுத்துக் கட்டினேன். நூறு அடியில் வலதும் போனது. கோப்பிக்கடை முதற்கொண்டு எல்லாம் சாத்திக் கிடந்தன, செருப்புக்கு எங்கே போவது? நொவீனா தேவாலய வாசலில் உட்கார்ந்து இரண்டையும் கழற்றிக் குப்பைத்தொட்டியில் போட்டேன். சனிக்கிழமைகளில் இடைவிடாச் சகாய மாதா நவநாளுக்கு வருகிற கூட்டத்தைப் பேருந்திலிருந்து பார்த்து, ஒரு காலத்தில் "பாவம், அறியாத ஜனங்கள்" என்று நினைத்தவள் நான். இன்று அதே வாசலில் காலுறையோடு உட்கார்ந்திருந்தேன். காவலர் ஒருவர் வந்து என் காலைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் போய்விட்டார்.

டாக்சி கூப்பிடலாமா என்று கைப்பேசியை எடுத்தது உண்மை. என்ன நினைத்தேனோ, மறுபடி பைக்குள் வைத்துவிட்டேன்.

நியூட்டனைத் தாண்டுவதற்குள் காலுறையில் ஓட்டை. ஒரு கல் குத்தியபோது அப்பா மனப்பாடம் செய்வித்த 91-ஆம் சங்கீதம் தானாக வாய்க்கு வந்தது: "உன் பாதம் கல்லில் இடறாதபடிக்கு." வனாந்தரத்தில் பிசாசு இயேசுவிடம் எடுத்துக்காட்டியதும் இதே வசனம்தான். வசனம் சொல்கிறவர்களையெல்லாம் நம்பி ஏமாந்த எனக்கு அந்த நேரத்தில் அது நினைவு வந்து, நடுரோட்டில் தனியாகச் சிரித்தேன். புக்கிட் தீமா ரோட்டில் கேகே மகளிர், குழந்தைகள் மருத்துவமனையைக் கடந்தபோது ஒரு சின்னப் பெண், கைக்குழந்தையைத் துணியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு, டாக்சியிலிருந்து இறங்கி ஓடினாள். அவள் வாய் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது. எந்தச் சாமியிடம் என்று தெரியாது. எனக்கு அப்போதுதான் அம்மாவின் நேர்ச்சை புரிந்த மாதிரி இருந்தது. அதுவரை ஏதோ பழைய பழக்கத்தின் பாக்கியைத் தீர்க்கப் போகிறேன் என்றுதான் நடந்துகொண்டிருந்தேன்.

தேக்காவில் ஒருவர் வழிமறித்துத் துண்டுப் பிரசுரம் கொடுத்தார். அற்புத சுகமளிக்கும் கூட்டமாம், அனுமதி இலவசமாம், ஆனால் தொலைபேசி எண் கொடுக்க வேண்டுமாம். "சிஸ்டர் எந்தச் சபை?" என்று கேட்டார். "நடந்துட்டு இருக்கேன் பிரதர்" என்றேன். என் காலைப் பார்த்ததும் அவருக்குச் சுகமளிக்க ஆள் கிடைத்துவிட்டது. தப்பிப்பதற்குள் ஐந்து நிமிடம்.

லூர்து மாதா கோவில் 1888-ல் தமிழ்க் கத்தோலிக்கருக்காகக் கட்டியது. பிரான்சின் லூர்து பேராலயத்தைப் பார்த்துச் செய்த கோபுரம் என்பார்கள். இப்போது எல்லா மொழிக்காரர்களும் வருகிறார்கள். உள்ளே போய் நிதானமாகப் பார்க்க வேண்டும் என்றெல்லாம் நினைத்து வந்தேன், கூட்டம் விடவில்லை. கெபிக்கு முன்னால் படம் எடுக்கிறவர்கள் தொல்லை தாங்கவில்லை. ஒரு குடும்பம் மாதாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நான்கு விதமாக நின்று எடுத்துக்கொண்டது. வரிசையில் பின்னாலிருந்த ஒரு ஆன்ட்டி முழங்கையால் தள்ளிக்கொண்டே செபமாலை சொன்னார், ஒரு மணியும் தவறவில்லை.

என் முறை வந்தது. மெழுகுவர்த்தி ஏற்றினேன், காற்றில் அணைந்தது. மறுபடி, அணைந்தது. மூன்றாவது முறையும். கை நடுங்கியது. பழைய போதனை எங்கும் போகவில்லை பாருங்கள், உள்ளுக்குள் ஒரு குரல் "இதுதான் சாபம்" என்றது. அருள்நிறைந்த மரியே செபம் எனக்கு முழுதாகத் தெரியாது, தெரிந்திருந்தாலும் மனசாட்சியோடு சொல்லியிருக்க மாட்டேன். சமையலறை மேசை ஜெபமும் வரவில்லை. எந்தப் பக்கமும் இல்லாமல் அணைந்த மெழுகுவர்த்தியோடு நின்றேன். பக்கத்தில் முக்காடு போட்ட ஒரு வயதான அம்மா, தமிழர் இல்லை, எரிந்துகொண்டிருந்த தன் திரியை என் திரியோடு சேர்த்துப் பிடித்து, இன்னொரு உள்ளங்கையால் காற்றை மறைத்தார். மெழுகு ஒழுகி இருவர் விரலிலும் சுட்டது. அவர் கையை எடுக்கவில்லை. பற்றிக்கொண்டது.

அந்தச் சமயத்தில் மாற்கு ஒன்பதாம் அதிகாரத்துத் தகப்பன் வந்து நின்றான். அவன் பிள்ளைக்கும் வலிப்புதான், நுரை தள்ளித் தரையில் புரளுகிற பிள்ளை. "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கதறினான் அவன். அவனை எந்தச் சபை என்று இயேசு கேட்கவில்லை. பிள்ளையைத் தூக்கிவிட்டார். நான் அந்த ஒரு வரியை மட்டும் சொன்னேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, ஆன்ட்டி செபமாலையை நிறுத்தி என்னைப் பார்த்தார்.

ஆண்டவரே, உமக்கு நன்றி. அந்த ராத்திரி அம்மாவின் குரலை நீர் கேட்டதற்கு நன்றி. யார் வழியாகக் கூப்பிட்டார் என்று கணக்குப் பார்க்காததற்கு நன்றி. அந்த உள்ளங்கைக்கு நன்றி, மைலோ டின்னுக்குள் அத்தனை வருஷம் மூச்சு முட்ட இருந்த விசுவாசத்துக்கு நன்றி. அப்பாவுக்கும் நன்றி, அந்த வேதாகமம் அவருடையது. என்னை வெளியே தள்ளியவர்களுக்கு நன்றி சொல்ல இன்னும் வாய் வரவில்லை. அதையும் நீரே பார்த்துக்கொள்ளும். அழுதேன், எவ்வளவு நேரம் என்று தெரியாது. யார் வழி கேட்டார்கள், யார் தள்ளினார்கள், எப்போது பூசை தொடங்கியது, ஒன்றும் நினைவில்லை. தமிழில் பாட்டுக் கேட்ட மாதிரி இருந்தது. நானும் பாடினேன் என்று நினைக்கிறேன்.

எம்ஆர்டி ரயிலில் திரும்பினேன். எதிரே உட்கார்ந்திருந்த சிவப்புச் சட்டைக் குழந்தை என் காலையே பார்த்துக்கொண்டு வந்தது.

வீட்டில் அம்மா கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். முகத்தைப் பார்க்கவில்லை, நேராகக் காலைத்தான் பார்த்தார்.

"ஷூ எங்க?"

"பிஞ்சு போச்சும்மா. நொவீனாகிட்ட."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, "நான் வெறுங்காலோடன்னுதான் நேர்ந்தேன். உன்னால முடியாதுன்னு சொல்லாம விட்டுட்டேன்" என்றார்.

பசை காய்ந்து ஷூ பிய்ந்தது என்று சொல்ல வாயெடுத்தேன். எல்லாவற்றுக்கும் அடையாளம் தேடுகிறவர்களிடமிருந்து ஓடிவந்தவள் ஆயிற்றே. சொல்லவில்லை. அம்மா என் கையை இழுத்து, விரலில் ஒட்டியிருந்த மெழுகை நகத்தால் சுரண்டி எடுத்து, மேசை மேலிருந்த மைலோ டின்னைத் திறந்து உள்ளே போட்டார்.