பில் வராத கடை

ஹூஸ்டன் சகலை வந்து போயிருக்கிறார். இந்த ஒரு வரியோடு நிறுத்தினாலே உங்களுக்குப் புரிந்துவிடும். ஆனால் எனக்கு வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை, அதனால் முழுசாகச் சொல்லியே தீருவேன்.

எங்கள் லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்தில் ஏற்றிக்கொண்டு 405 நெடுஞ்சாலையில் நகராமல் நின்றபோதே ஆரம்பித்துவிட்டார். "எங்க டெக்ஸஸ்ல ஸ்டேட் இன்கம் டாக்ஸே கிடையாது சகலை." தெரியும். ஹூஸ்டன் பக்கம் கேட்டி என்கிற ஊரில் வீடு வாங்கிய நாளிலிருந்து போனில் வணக்கம் சொல்வதற்குப் பதிலாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். அடுத்தது பெட்ரோல் விலை. ஒவ்வொரு பங்க்கைத் தாண்டும்போதும் போர்டைப் படித்து "அய்யய்யோ" என்றார், ஏதோ அவர் பாக்கெட்டிலிருந்து போகிற மாதிரி. எங்கள் அபார்ட்மென்ட்டுக்குள் நுழைந்து, ஷூவைக் கழற்றுவதற்கு முன்பே ஹாலை இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எங்க வீட்டு பேன்ட்ரி இதைவிடக் கொஞ்சம் பெருசு" என்றார். "அத்தான் சும்மா விளையாடுறாரு" என்றாள் என் மனைவி. விளையாட்டாம்.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஓட்டலில் பில் வரும் நேரத்தை அவர் உடம்பு எப்படித் தெரிந்துகொள்கிறது என்பதுதான் என்னால் தாங்க முடியாத விஷயம். சர்வர் கல்லாப் பக்கம் திரும்பினாலே போதும், இவருக்குப் போன் வந்துவிடும். "ஹலோ... ஹலோ... சிக்னல் இல்ல, இரு வெளிய வரேன்." போன் வராத நாளில் பாத்ரூம். பாத்ரூமில் கூட்டமென்றால் பிள்ளைக்குக் கை கழுவிவிட வேண்டும். ஒருமுறை ஷூ லேஸ் கட்டக் குனிந்தவர் நான் கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை நிமிரவே இல்லை, அன்றைக்கு அவர் போட்டிருந்தது லேஸே இல்லாத ஷூ. திரும்பி வந்ததும் பர்ஸை ஒரு இன்ச் வெளியே எடுத்து, "அட, நீங்க ஏன் குடுத்தீங்க, நான் குடுக்கலாம்னுதானே..." என்பார். அந்தப் பர்ஸ் முழுசாக வெளியே வந்து நான் பார்த்ததில்லை. தோல் பர்ஸா ரெக்சினா என்றுகூட எனக்குத் தெரியாது.

அதனால்தான் இந்தத் தடவை திட்டம் போட்டேன். அதுதான் வெனிஸ் புலவார்டில் நம்ம வஹாக்கா கடை.

எங்கள் பாம்ஸ் பக்கம் மெக்சிகோவின் வஹாக்கா மாநிலத்துக்காரர்கள் நிறைய. அவர்களுக்காக அவர்களே நடத்துகிற கடை இது. பக்கத்தில் துணி துவைக்கும் கடை, உள்ளே பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்புப் போட்ட சில மேஜைகள், மூலையில் டீவியில் கால்பந்து, சமையலறையில் பாட்டி, மேஜைக்குப் பேத்தி, அவ்வளவுதான். ருசி ஒரு பக்கம் இருக்கட்டும், எனக்குத் தேவைப்பட்டது வேறு. மெக்சிகோக்காரர்கள் வழக்கத்தில் சாப்பிட்டு முடித்தவர் முன்னால் பில்லைக் கொண்டுவந்து வைத்தால், எழுந்து போ என்று சொன்னதாக ஆகிவிடும். கேட்டால்தான் கொடுப்பார்கள். கேட்கவில்லையா, கடை சாத்தும்வரை உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்கலாம், ஒருவரும் முகம் சுளிக்க மாட்டார்கள். கவனியுங்கள், பில் தானாக வராது. வராத பில்லுக்கு எந்த போன் அடிக்கும்? யார் வாய் திறந்து கேட்கிறாரோ அவர் கைக்குத்தான் வரும். நான் கேட்கப் போவதில்லை. அவ்வளவுதான் திட்டம், முந்தைய இரவு படுத்தபடி யோசித்துத் தனியாகச் சிரித்தேன்.

மறுநாள் புரட்டாசி சனி. காலையில் மாலிபு கோயிலுக்குப் போய்ப் பெருமாளைப் பார்த்துவிட்டு, "எங்க பியர்லாந்து மீனாட்சி கோயில்ல பார்க்கிங் இதைவிட..." என்பதையும் கேட்டுவிட்டு, நேரே கடைக்கு வந்தோம். அவர் மனைவி, என் மதினி, விரதம், மாதம் முழுக்க சைவம். சகலை அண்ணனும்தான் என்று நினைத்தேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மணி ஒன்றரை. இந்தியால இப்ப ராத்திரி ரெண்டு, ஞாயித்துக்கிழமை. பெருமாள் இருக்கிறது திருப்பதியில. அவருக்கு சனி முடிஞ்சு போச்சு சகலை." காலையில் கும்பிட்ட பெருமாள் கலிஃபோர்னியாவில் இருந்தாரே என்று நான் கேட்பதற்குள் மெனுவில் மாட்டுக்கறிப் பக்கத்துக்குப் போய்விட்டார்.

மெனுவைப் பார்த்ததும் முகம் மாறியது. "ஃபஹீத்தா எங்க?"

இல்லை. இரும்புக் கல்லில் புகையோடு கொண்டுவருகிற அந்த வஸ்து டெக்ஸஸ் மாட்டுப் பண்ணைகளில் பிறந்தது, வஹாக்கா பாட்டிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று விளக்கினேன். "அதைத்தான் நானும் சொல்றேன், ஒரிஜினல் மெக்சிகன் வேணும்னா எங்க ஊருக்குத்தான் வரணும்" என்றார். இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? சொல்லுங்கள், அடுத்த தடவைக்கு வைத்துக்கொள்கிறேன்.

அப்புறம் கேசோ கேட்டார். ஹூஸ்டனில் கேசோ என்றால் கிண்ணத்தில் சீஸ் மஞ்சளாக உருகி நிற்கும், சிப்ஸைத் தோய்க்கலாம். இங்கே அந்தப் பெண் ஒரு தட்டில் வெள்ளையாக ஒரு உருண்டை கொண்டுவந்து வைத்தாள். கெசீயோ, வஹாக்காவின் சொந்தப் பாலாடைக்கட்டி. நீள நாடாவாக இழுத்து, நூல்கண்டு போலச் சுற்றி வைத்திருப்பார்கள். நுனியைத் தேடிப் பிடித்து இழுத்தால் நார் நாராகப் பிரிந்து வரும், லேசான உப்பு, பல்லில் கீச்சென்று ஒரு சத்தம். சகலை மகள் அதைப் பிரித்துப் பிரித்து மேஜையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓட்டினாள். அவர் மட்டும் "சாஸ் எங்க, சாஸ் எங்க" என்று சுற்றிலும் தேடிக்கொண்டிருந்தார்.

மதினிக்குச் சைவம் சொல்வதுதான் பெரும்பாடு. த்லாயூதா என்பது ஒரு அடிக்கு மேல் விட்டமுள்ள, மொறுமொறுவென்று காய்ந்த சோள ரொட்டி. அதில் கறுப்பு பீன்ஸ் விழுது, கெசீயோ, முட்டைக்கோஸ் எல்லாம் பரப்பித் தருவார்கள், பார்க்கப் பரம சாதுவாக இருக்கும். ஆனால் அடியில் கண்ணுக்குத் தெரியாமல் அசியெந்தோ தடவியிருப்பார்கள். பன்றிக் கொழுப்பை உருக்கும்போது சட்டியின் அடியில் தங்குகிற கசண்டு அது. அதுதான் ருசியே, அதுதான் மதினிக்கு ஆகாது. என் அரைகுறை ஸ்பானிஷில் "அசியெந்தோ வேண்டாம்" என்று பேத்தியிடம் சொல்ல, அவள் உள்ளே போய்ச் சொல்ல, பாட்டி கரண்டியோடு வெளியே வந்து இந்தப் பாவத்தைக் கேட்டது யார் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டுப் போனார்.

அண்ணன் மோலே நெக்ரோவும் கோழியும் வாங்கினார். வஹாக்காவில் மோலே என்கிற குழம்பு ஏழு வகை என்பார்கள், அதில் கறுப்புதான் மூத்தது. சில்வாக்லே என்கிற மிளகாயை விதையோடு கறுக்கிறவரை வறுத்து, எள், பாதாம், உலர்திராட்சை, வாழைப்பழம், கிராம்பு, பட்டை, கடைசியில் சாக்லேட் என்று இருபது முப்பது சாமானை அரைத்துக் கொதிக்கவைப்பார்கள். தட்டில் கோழி இருப்பதே தெரியாது, கரேலென்று ஒரு பளபளப்பு, மேலே நாலு எள். முதல் வாயில் இனிப்பு, அப்புறம் புகை, விழுங்கிய பிறகு தொண்டையில் மெதுவாக ஒரு கசப்பும் காரமும். எனக்கு அதை விட்டால் வேறு சாப்பாடு வேண்டாம். அண்ணன் ஒரு வாய் வைத்தார், ஸ்பூனைக் கீழே வைத்தார், பேத்தியைக் கூப்பிட்டார். "இது கருகிடுச்சும்மா. வேற கொண்டு வா."

அந்தப் பெண் கொஞ்சமும் அசரவில்லை. "ஆமாம், எங்க பாட்டி வேணும்னேதான் கருக்குவாங்க" என்று ரொம்பப் பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனாள். அதன்பிறகு முழுத் தட்டையும் வழித்துச் சாப்பிட்டார் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

சாப்புலீனெஸ் வேறு. அதாவது வெட்டுக்கிளி. பூண்டு, எலுமிச்சை, உப்புப் போட்டுச் சிவக்க வறுத்தது. போட்டோவுக்காகவே ஆர்டர் செய்தார். மேலிருந்து, பக்கவாட்டில், எலுமிச்சைத் துண்டை நகர்த்தி வைத்து, என் மனைவியின் கையை அகற்றி, இப்படிப் பல கோணங்களில் எடுத்துவிட்டுத் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டார். நான்தான் தின்றேன். நல்ல மொறுமொறுப்பு. கால் மட்டும் பல்லிடுக்கில் மாட்டும்.

மதினிக்கும் பிள்ளைக்கும் தெஹாத்தே வந்தது. மக்காச்சோளமும் கொக்கோவும் மாமே விதையும் சேர்த்து அரைத்துக் கையாலேயே அடித்து நுரை கிளப்பி, வர்ணம் பூசிய சுரைக்குடுவையில் தருகிற பானம். மாமே நம்ம சப்போட்டா குடும்பத்துப் பழம், சப்போட்டாவுக்குச் சகலை முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அது பில் வந்தால் ஓடாது.

சரி, போருக்கு வருவோம். தட்டுகளை எடுத்துப் போய்விட்டார்கள். நான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன். அண்ணன் உடம்புக்குள் மணி அடித்துவிட்டது, தெரிந்தது. போன் எடுத்தார், "ஹலோ" சொன்னார், வெளியே போனார். கண்ணாடி வழியாகப் பார்த்தேன், காதில் வைத்த போனில் வீடியோ ஓடிக்கொண்டிருந்தது, வெளிச்சம் கன்னத்தில் அடித்தது. கணக்குப் பார்த்துத் திரும்பி வந்தார். மேஜை காலி. பில் இல்லை. முகத்தில் ஒரு குழப்பம். உட்கார்ந்தார். காபி சொன்னார். பட்டையும் கரும்பு வெல்லமும் போட்டு மண்பானையில் கொதிக்கவைத்த காபி. குடித்தார். பாத்ரூம் போனார். வந்தார். பில் இல்லை. பிள்ளையைக் கை கழுவக் கூட்டிப் போனார், "அப்பா, இப்பத்தானே கழுவினேன்" என்று அது அழுதது. வந்தார். பில் இல்லை. பேத்தி தூரத்திலிருந்து எங்களைப் பார்த்து அன்பாகச் சிரித்தாள். நானும் சிரித்தேன். டீவியில் ஒரு ஆட்டம் முடிந்து அடுத்தது தொடங்கியது. மனைவி மேஜைக்கடியில் என் காலை மிதித்தாள். நான் அசையவில்லை. அக்காவும் தங்கையும் பேசுவதற்கு இருந்த கதையெல்லாம் தீர்ந்து, தேவகோட்டையில் யார் வீட்டுக்கு என்ன பெயின்ட் அடித்தார்கள் என்பதுவரை போய்விட்டார்கள்.

அண்ணன் தொண்டையைச் செருமினார். "இங்க சர்வீஸ் ரொம்ப ஸ்லோ இல்ல?"

"அவசரம் ஒண்ணும் இல்லையே அண்ணே" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அந்தப் பார்வையில் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைக்கிறேன். மெதுவாகக் கை பேன்ட் பாக்கெட்டை நோக்கிப் போனது. சத்தியமாகப் போனது. இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அந்தப் பர்ஸின் பாதி தெரிந்தது. தோல்தான், பிரவுன் கலர்.

அந்த நேரம் பார்த்து, ஹூஸ்டனில் ஸ்பானிஷும் சொல்லித் தருகிற பள்ளியில் படிக்கிற அந்தக் குட்டி, போரடித்துப் போய் நாற்காலிமேல் ஏறி நின்று, கடை முழுக்கக் கேட்கும்படி, சுத்தமான உச்சரிப்பில், "லா குவெந்தா, போர் ஃபவோர்!" என்று, அதாவது பில் கொடுங்கள் என்று, கத்தியது.

கடையே கைதட்டியது. பாட்டி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தார். பேத்தி துள்ளிக்கொண்டு பில்லோடு வந்து, யாரிடம் கொடுக்க என்று அந்தக் குட்டியிடமே கேட்டாள். அது கொஞ்சமும் யோசிக்காமல் என்னைக் காட்டியது. பிறகு தமிழில் விளக்கமும் தந்தது. "எப்பவும் சித்தப்பாதான் குடுப்பாங்க."

அண்ணனுக்குப் போன் வந்தது.

இருநூறு டாலரைத் தாண்டியிருந்தது. வெட்டுக்கிளிக்கு மட்டும் தனியாக ஒரு வரி. கீழே சேல்ஸ் டாக்ஸ் 9.75 சதவீதம். வெளியிலிருந்து வந்த அண்ணன் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "எங்க ஊர்ல எட்டேகால்தான்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "டிப் இருபது பர்சன்ட்டா போட்டுருங்க சகலை, நம்ம ஆளுங்க கஞ்சம்னு நினைச்சுடக் கூடாது" என்றார். போட்டேன். பர்ஸ் ஒரு இன்ச் வெளியே வந்து உள்ளே போனது.

அதோடு முடிந்ததென்றால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன். சாயங்காலம் ஆறரை மணிக்கு மாமியார் போன். அங்கே ஞாயிறு காலை ஏழு, காபி டம்ளரோடு உட்கார்ந்திருந்தார். குடும்ப வாட்ஸாப் குரூப்பில் போட்டோ வந்திருக்கிறது, அந்த வெட்டுக்கிளித் தட்டு, பின்னால் நாங்கள் எல்லோரும், கீழே "ஃபேமிலிக்கு ஒரு சின்ன விருந்து" என்று ஒரு வரி. யார் யாருக்கு வைத்த விருந்து என்று அதில் இல்லை. மாமியாருக்கு அது தேவையும் இல்லை.

"பெரிய மாப்பிள்ளை எல்லாருக்கும் விருந்தே வச்சுட்டாராமே! வந்த இடத்துலயும் கை சும்மா இருக்காது அவருக்கு. புரட்டாசின்னு அவரும் சுத்த சைவமாம், ஏதோ வத்தல் வறுவலாம், படத்துல பாத்தேன்."

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அடுத்த அறையில் அண்ணன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்களும் ஒரு நாளைக்கு அவங்களை நல்ல கடையாப் பாத்துக் கூட்டிட்டுப் போங்க மாப்ளே" என்றார் மாமியார்.